துப்பாக்கிப் பெட்டி: யாரிடமிருந்து யாரைக் காக்க?

நம்ம படங்களில் இந்தக் காட்சி எத்தனை தடவை வந்திருக்கும்னு கணக்கே இல்லை. கோட்டு போட்ட வில்லன் மொட்டை மாடிக்கு வருவார். கையில் ஒரு சூட்கேஸ். 'டக் டக்'னு ரெண்டு கொக்கியைத் தட்டுவார். உள்ளே மெத்தை மாதிரி ஃபோமில் துப்பாக்கி துண்டு துண்டாகத் தூங்கிக்கொண்டிருக்கும். குழலை மாட்டி, அடிக்கட்டையைச் சொருகி, டெலஸ்கோப்பைத் திருகி, ஒரு கண்ணை மூடினால்... மந்திரி காலி.

நாம எல்லாரும் வில்லனையும் துப்பாக்கியையும் பார்ப்போம். பெட்டியை யாரும் பார்க்கிறதில்லை. இந்தப் பதிவு அந்தப் பெட்டியைப் பற்றி. துப்பாக்கி ரசிகர்கள் ஏமாற வேண்டாம், இதில் ஒரு குண்டு கூட வெடிக்காது. சரி, ரெண்டு மூணு வெடிக்கும்.

அதுக்கு முன்னாடி அந்தக் காட்சியில் ஒரு சின்ன கணக்கு. டெலஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து நிற்பவை ரெண்டு வளையங்கள். நடுவில் 10 செ.மீ. இடைவெளின்னு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வளையம் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாள் கனம், நகர்ந்தால் போதும். 100 மீட்டர் தூரத்தில் குறி 10 செ.மீ. தள்ளிப் போய்விடும். கழற்றி மாட்டியவர் ரெண்டு மூணு தோட்டா சுட்டுப் பார்த்துத் திரும்பச் சரிசெய்தால்தான் நம்பி சுட முடியும். நம்ம வில்லனுக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது! நிஜத்தில் போட்டிகளுக்குப் போகிறவர்கள் ரைஃபிளைக் கழற்றாமல் முழுசாக வைக்கிற மாதிரி நீளப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவர்கள் பாதுகாப்பது இரும்பை இல்லை, அந்த 0.1 மில்லிமீட்டரை.

பெட்டி செய்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எதிரி யார்?' என்பது. மென்பொருள் எழுதுகிற நாங்களும் வேலையை இந்தக் கேள்வியில்தான் தொடங்கணும், தொடங்குகிறோமா என்பது வேறு விஷயம். துப்பாக்கிப் பெட்டியின் சுமார் 250 வருஷ வரலாற்றைப் பார்த்தால், அந்தக் கேள்விக்கான பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதல் எதிரி: ஈரம்

18-ம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ராபர்ட் வோக்டன், ஜான் மேன்டன், ஜோசப் மேன்டன் போன்ற துப்பாக்கி ஆசாரிகள் கொடிகட்டிப் பறந்தார்கள். கனவான்கள் ரோஷம் வந்தால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள ஜோடிக் கைத்துப்பாக்கிகள். அதுக்கு மஹாகனி அல்லது ஓக் மரத்தில் ஒரு பெட்டி. உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருக்கும். துப்பாக்கி ரெண்டோடு, மருந்துக் குடுவை, ஈயக் குண்டு வார்க்கும் அச்சு, குழல் துடைக்கும் குச்சி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம்.

இதில் ரெண்டு பள்ளி உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் அஞ்சறைப்பெட்டி மாதிரி நேர்கோட்டுத் தடுப்பு வைத்து அறை அறையாகப் பிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் துப்பாக்கியின் உருவத்துக்கே பள்ளம் குடைந்து, அதில் கச்சிதமாக உட்கார வைத்தார்கள். இன்றைக்குக் கேமரா பெட்டி வாங்கப் போனாலும் கடையில் இதே ரெண்டு வகைதான்: தடுப்பு வைத்தது, ஃபோம் குடைந்தது. தடுப்பில் சாமானை மாற்றி மாற்றி வைக்கலாம், ஆனால் ஆடும். பள்ளத்தில் ஆடாது, ஆனால் அந்தப் பொருளைத் தவிர வேறெதையும் வைக்க முடியாது. 200 வருஷமாகியும் இந்தப் பஞ்சாயத்து முடியவில்லை.

இந்த ஜோடிகளில் ரொம்பப் பிரபலமானது அமெரிக்காவில் இருக்கிறது. 1804 ஜூலை 11 அன்று அப்போதைய துணை ஜனாதிபதி ஆரன் பர், முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனை நியூஜெர்சியின் வீஹாக்கனில் சுட்டார். ஹாமில்டன் மறுநாள் இறந்தார். துப்பாக்கிகள் லண்டனின் 'வோக்டன் அண்ட் பார்ட்டன்' செய்தவை. அவை யாருடையவை தெரியுமா? ஹாமில்டனுடைய சகலை ஜான் பார்க்கர் சர்ச்சுடையவை. சகலை வீட்டுப் பெட்டியிலிருந்து வந்த துப்பாக்கியாலேயே மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலத்துப் பெட்டிக்கு முக்கிய எதிரி துரு. கறுப்பு வெடிமருந்தில் பெரும்பகுதி வெடியுப்பு. சுட்ட பிறகு குழலில் படிகிற கரி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஒரு ராத்திரி துடைக்காமல் விட்டால் காலையில் செம்மண் நிறம். அதனால்தான் பெட்டிக்குள் துடைக்கும் குச்சிக்கும் எண்ணெய்க்கும் அவ்வளவு மரியாதை. 19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் துப்பாக்கிக்குப் போட்ட எண்ணெய்க்குப் பெயரே 'ரங்கூன் ஆயில்'. நம்ம பக்கத்து பர்மாவின் எண்ணெய்க் கிணறுகள் கொடுத்த பெயர்.

இதில் வேடிக்கை, பெட்டியே எதிரியாகவும் ஆகும். ஓக் மரத்திலிருந்து மெல்ல மெல்ல அசிட்டிக் அமில ஆவி வரும், ஈயத்துக்கு அது ஆகவே ஆகாது. தோலைப் பதனிடும் வேதிப்பொருட்கள் இரும்பை அரிக்கும், தோல் ஈரத்தையும் பிடித்து வைக்கும். சரி, அதெல்லாம் பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். இன்றைய ஃபோமும் அப்படித்தான். குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்த துப்பாக்கியில் பனி வியர்க்கும். அதைத் துடைக்காமல் காற்றுப் புகாத பெட்டியில் வைத்து மூடினால் ஈரத்தை நாமே உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். தண்ணீர் உள்ளே போகாத பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. 1919-ல் வால்டர் பேட்ரிக் காப்புரிமை வாங்கிய சிலிக்கா ஜெல், அதாங்க, புது செருப்பு டப்பாவில் 'தின்னாதே'ன்னு எழுதி வருமே அந்தப் பொட்டலம், இதுக்கு இன்றைக்கும் பெரிய துணை.

ரெண்டாவது எதிரி: பயணம்

பழைய துப்பாக்கிகள் வாய் வழியாக மருந்து திணிப்பவை. 1830-களில் பாரிஸில் கஸிமிர் லெஃபோஷோ, நடுவில் மடித்துத் திறந்து பின்பக்கமாகத் தோட்டா போடும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் அது வைக்கப்பட்டதும் ஆங்கிலேய ஆசாரிகள் விழித்துக்கொண்டார்கள். மடியும் துப்பாக்கியில் குழல் தனியாகவும் அடிக்கட்டை தனியாகவும் சுலபமாகக் கழன்று வரும். குட்டைப் பெட்டிக்கு ரொம்பத் தோது!

அதே சமயம் ரயில் வந்துவிட்டது. வேட்டைக்குப் போகும் பிரபுக்கள் பெட்டியைக் கூலியாளிடம் கொடுத்துவிட்டு ஏறிவிடுவார்கள். அவர் அதை எப்படிப் போடுவார்? நம்ம எழும்பூர் ஸ்டேஷனில் மூட்டை இறங்குகிற மாதிரிதான். அதனால் ஓக் சட்டத்துக்கு மேல் தடித்த தோல், மூலைகளில் பித்தளை. கையில் தூக்கிப்போக ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய தோல் பெட்டி. பார்க்க ஆட்டுத்தொடை மாதிரி இருந்ததால் ஆங்கிலத்தில் அதுக்கு 'ஆட்டுத்தொடைப் பெட்டி'ன்னே பெயர்.

பெட்டி ஒரு இடம், ஆள் ஒரு இடம்

இந்த வரலாற்றில் எனக்கு மனசை உலுக்கிய அத்தியாயம் கிரீட் தீவு. 1941 மே 20. ஜெர்மானியப் பாராசூட் படை வானத்திலிருந்து இறங்குகிறது. அவர்களுடைய பாராசூட் பட்டை முதுகுக்கு மேலே ஒரே இடத்தில் கோர்க்கப்பட்டிருக்கும். தலைகுப்புறக் குதித்து, கையும் முட்டியும் ஊன்றி இறங்கணும். நீளமான ரைஃபிளை உடம்பில் கட்டிக்கொண்டு அப்படி இறங்க முடியாது. அதனால் கைத்துப்பாக்கியும் கையெறி குண்டும் கையில், சிலரிடம் மட்டும் சப்மெஷின் கன். ரைஃபிள்களும் இயந்திரத் துப்பாக்கிகளும் தனிப் பாராசூட்டில் ஆள் உயரப் பெட்டிகளில் வந்தன.

பெட்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடியில் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் பகுதி வைத்து, எந்தப் பிரிவுடையதுன்னு தெரிய வண்ணப் பட்டை அடித்து, ஜெர்மன் பொறியியலுக்கே உரிய நேர்த்தி. பெட்டி நல்லபடியாகத்தான் தரையிறங்கியது. ஆனால் அது ஒரு ஆலிவ் தோப்பில், ஆள் வேறொரு தோப்பில். நடுவில் நியூசிலாந்து வீரர்களின் துப்பாக்கி முனை. பெட்டியை நோக்கி ஓடியவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். சில இடங்களில் பெட்டியை எதிராளியே திறந்து உபயோகித்தான். மலேமே விமானத்தளத்துக்குப் பக்கத்தில் இறங்கிய ஒரு பட்டாலியனில் சுமார் 600 பேரில் 400 பேர் முதல் நாளே செத்தார்கள். எதிரிகளின் தலைமேலேயே இறங்கியதும் பெரிய காரணம்தான், பெட்டி மட்டும் இல்லை. ஆனாலும் கையில் ரைஃபிள் இருந்திருந்தால் என்ற கேள்வியை ஜெர்மானியர்களே கேட்டார்கள். அதன் விளைவாகக் குதிக்கும்போதே கையில் வைத்திருக்கத் தோதான எஃப்.ஜி.42 என்ற துப்பாக்கியை உருவாக்கினார்கள்.

கிரீட் கடைசியில் ஜெர்மனி வசமானது. ஆனால் இழப்பைப் பார்த்த ஹிட்லர் அந்த அளவில் வான்வழிப் படையிறக்கத்தை மறுபடி அனுமதிக்கவில்லை. அமெரிக்கர்கள் ரைஃபிளை ரெண்டாகப் பிரித்து மெத்தை வைத்த கித்தான் பையில் போட்டு உடம்போடு கட்டிக் குதித்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் காலில் ஒரு பையைக் கட்டி, தரை நெருங்கும்போது கயிற்றில் இறக்கினார்கள். இரும்புப் பெட்டியை விடக் கித்தான் பை மட்டமான பாதுகாப்பு. ஆனால் தேவைப்படும் நொடியில் கையில் இருந்தது அதுதான். பொருள் பத்திரமாக இருப்பதும் பொருள் உபயோகமாக இருப்பதும் ஒன்றில்லைன்னு 400 பேர் செத்துக் காட்ட வேண்டியிருந்தது.

தூசு, தண்ணீர், காற்று

போருக்கு முன்னாடி கொஞ்சம் போகலாம். ஏர்ல் ஹாலிபர்ட்டன் ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சிமெண்ட் பூசும் கம்பெனி நடத்தியவர். வண்டியில் புழுதிக்காட்டில் சுற்றிச் சுற்றி அவருடைய தோல் சூட்கேஸ்கள் எல்லாம் நாறிப்போயின. 1938-ல் தனக்காக அலுமினியத்தில் பெட்டி செய்யச் சொன்னார். அது 'ஜீரோ ஹாலிபர்ட்டன்' என்ற பிராண்டாக வளர்ந்தது. படங்களில் கோடிக்கணக்கில் பணம் கைமாறுமே, அந்த வெள்ளிப் பெட்டியின் வம்சம். அலுமினியம் துருப்பிடிக்காது, லேசு. ஆனால் அடிபட்டால் சொட்டை விழும். விழுந்த சொட்டை அப்படியே நிற்கும், மூடி சரியாகப் பொருந்தாது.

அதுக்குப் பதில் பிளாஸ்டிக்கில் வந்தது. பாலியூரித்தேன் 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் கண்டுபிடித்தது, ஃபோமுக்கு அதுதான் தாய். பாலிபுரொப்பிலீன் 1950-களில் பிறந்தது. அடி வாங்கினால் வளைந்துகொடுத்துத் திரும்பி வரும். 1976-ல் கலிஃபோர்னியாவில் டேவ் பார்க்கர் என்ற ஸ்கூபா டைவர் 'பெலிகன்' கம்பெனியைத் தொடங்கினார். கடலுக்கடியில் முங்குகிறவருக்குத் தண்ணீர் எப்படிப் புகும்னு தெரியாதா? மூடி விளிம்பில் ரப்பர் வளையம், நெம்பி அழுத்தும் கொக்கி, அசையாத ஓடு. கேமராக்காரர், தீயணைப்புப் படை, ராணுவம், துப்பாக்கி வைத்திருப்பவர் எல்லாரும் அந்த மாதிரிப் பெட்டிக்குப் போனார்கள்.

இந்தப் பெட்டிகளின் கைப்பிடிக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு குமிழ் இருக்கும். அது எதுக்குன்னு பலருக்குத் தெரியாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 8000 அடி உயர மலையில் இருப்பது போல, அதாவது தரையில் இருப்பதில் முக்கால்வாசி. அந்த அழுத்தத்தில் இறுக மூடிய பெட்டி கடல் மட்டத்துக்கு வந்தால் வெளிக்காற்று மூடியை அழுத்தும். ஒரு மீட்டர் நீளம், 35 செ.மீ. அகலம் உள்ள ரைஃபிள் பெட்டிக்குக் கணக்குப் போட்டால் மூடியின் மேல் சுமார் 900 கிலோ! ஒரு சின்னக் கார் ஏறி உட்கார்ந்த மாதிரி. திறக்கவே முடியாது. அதனால்தான் வால்வு. முதலில் கையால் திருகித் திறப்பதாக இருந்தது. பிறகு காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வைத்துத் தானாகவே வேலை செய்கிற மாதிரி வந்தது. முதல் வகையை வைத்திருப்பவர் விமானம் ஏறும்போது திறந்துவிட வேண்டும், படகில் ஏறும்போது மூட வேண்டும்.

கடைசி எதிரி: மனுஷன்

இதுவரை பெட்டி காப்பாற்றியது உள்ளே இருப்பதை. 1968-லிருந்து 1972 வரைக்கும் அமெரிக்காவில் 130-க்கும் மேற்பட்ட விமானக் கடத்தல்கள். ஒரு வழியாக 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளையும் சோதிக்கும் முறை வந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு இன்னும் இறுகியது. இன்றைக்கு அந்த ஊர் விதிப்படி துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோக முடியாது. தோட்டா எடுத்துவிட்டு, கவுண்டரில் சொல்லிவிட்டு, கடினமான ஓடுள்ள பூட்டிய பெட்டியில் சரக்காகத்தான் அனுப்பணும். சாவி பயணியிடம் மட்டுமே இருக்கணும். காரில் மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கு 1986-ல் வந்த மத்தியச் சட்டமும் இதையே வேறு மாதிரி சொல்கிறது: தோட்டா இல்லாமல், கைக்கெட்டாத இடத்தில் வை. டிக்கி தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் வை.

கவனித்தீர்களா? பெட்டியின் வேலை தலைகீழாகிவிட்டது. வெளியுலகத்திடமிருந்து துப்பாக்கியைக் காத்த பெட்டி, துப்பாக்கியிடமிருந்து வெளியுலகத்தைக் காக்க ஆரம்பித்தது.

இதில் ஒரு கூத்து. சாதாரண சூட்கேஸுக்கு அமெரிக்க விமான நிலையங்களில் அதிகாரிகள் மாஸ்டர் சாவி போட்டுத் திறக்கும் ஸ்பெஷல் பூட்டு உண்டு. அந்த மாஸ்டர் சாவிகளின் படம் பத்திரிகையில் வெளியாகி, 2015-ல் யார் வேண்டுமானாலும் முப்பரிமாண பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளும் நிலை வந்தது. பின்வாசல் வைத்தால் எல்லாருக்கும் சேர்த்துதான் வைக்கிறோம்னு நம்ம ஆட்கள் கரடியாகக் கத்துவது இதுக்குத்தான். துப்பாக்கிப் பெட்டிக்கோ சாவி பயணியிடம் மட்டும். ஆகவே விலை உயர்ந்த லென்ஸ்களைச் சரக்கில் அனுப்ப வேண்டிய புகைப்படக்காரர்கள் சிலர் என்ன செய்தார்கள்? ஓட்டப்பந்தயத்தில் 'டொப்'னு சத்தம் போடுமே, அந்த ஸ்டார்ட்டர் பிஸ்டல் ஒன்றை வாங்கிக் கேமராப் பெட்டிக்குள் போட்டார்கள். விதிப்படி அதுவும் துப்பாக்கிதான், அறிவித்துப் பூட்டியே தீரணும். பெட்டியும் தொலையாது, ஏன்னா துப்பாக்கியைத் தொலைக்க எந்த விமான நிறுவனத்துக்கும் தைரியம் கிடையாது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2006-லேயே தன் வலைப்பதிவில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கேமராவுக்குக் காவலாள் ஒரு பொம்மைத் துப்பாக்கி!

அப்ப எந்தப் பெட்டி?

வரலாறு சொல்வதை வைத்துப் பார்த்தால், விலையும் விளம்பரமும் ரெண்டாவது விஷயம். மூடியைப் பூட்டிவிட்டு நடு விளிம்பையும் மூலையையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். விரல் நுழைகிற அளவு வாய் பிளந்தால் அது பூட்டே இல்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. துப்பாக்கி வாங்கும்போது கூட வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள் பலவும் இதில் தோற்கும். பூட்டுத் துளை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்கும் பூட்டு போடணும். உள்ளே பொருள் ஆடக்கூடாது, ஆனால் டெலஸ்கோப்பின் மேல் மூடி அழுத்தவும் கூடாது. வால்வு இருக்கணும், சிலிக்கா ஜெல் இருக்கணும். ஐ.பி.67 என்று போட்டிருந்தால் தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ராணுவ ரகம்னு சும்மா எழுதியிருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

இதெல்லாம் போகும் வழிக்கு. ஊர் வந்து சேர்ந்த பிறகு அந்தப் பெட்டியிலேயே வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவதுதான் பெரிய ஆபத்து. ஃபோமில் துரு பிடிக்கும் என்பது சின்ன நஷ்டம். கைப்பிடி வைத்த பெட்டியைத் திருடன் அப்படியே தூக்கிக்கொண்டு போவான், அது அதைவிடப் பெரிசு. இதுக்கெல்லாம் மேலே, வீட்டில் குழந்தை இருக்கும். அந்த ரெண்டு கொக்கியை 'டக் டக்'னு தட்டத் தெரியாத குழந்தை உண்டா? அமெரிக்காவில் கைத்துப்பாக்கி விற்கும் உரிமம் பெற்ற கடைக்காரர் கூடவே ஒரு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ கொடுக்கணும்னு 2005-ல் சட்டமே வந்தது. கொடுப்பதைத்தான் சட்டம் கட்டாயமாக்க முடிந்தது. பூட்டுவது வீட்டுக்காரர் கையில்.

250 வருஷத்தில் துரு, கூலியாள், புழுதி, கடல், காற்றழுத்தம் எல்லாவற்றுக்கும் பெட்டிக்காரர்கள் விடை கண்டுபிடித்துவிட்டார்கள். பூட்டாமல் விட்டுப் போகிறவருக்கு இன்னும் விடை இல்லை.

கொசுறு: ஹாமில்டன்-பர் துப்பாக்கிகள் 1930-லிருந்து ஒரு வங்கியின் வசம். அன்றைக்கு வாங்கியது மன்ஹாட்டன் கம்பெனி வங்கி, இன்றைய ஜே.பி.மார்கன் சேஸின் மூதாதை. அந்த மன்ஹாட்டன் கம்பெனியை 1799-ல் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சுட்ட ஆரன் பர்ரேதான். சகலை வீட்டுப் பெட்டியிலிருந்து கிளம்பிய துப்பாக்கி கடைசியில் சுட்டவர் வங்கிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.